கொக்கு தூக்கிய கால்

குன்னத்துகால் அங்கன்வாடிக்கு மேலிடத்திலிருந்து வந்த படத்தில் ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் இருந்தன. இந்தப் பிள்ளைகள் ஒட்டகச்சிவிங்கியை எங்கே கண்டார்கள்? ஷீஜா டீச்சர் படத்தைச் சுருட்டி அலமாரிக்கு மேலே போட்டாள். பிள்ளைகளை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். ஆட்டுக்கு ஏன் தாடி, எருமைக்கு ஏன் கறுப்பு, அணிலுக்கு ஏன் கோடு? வெளியே கண்ணில் பட்டதைப் பார்த்து அவள் கேட்பாள், பிள்ளைகள் கதை சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் வெளுத்து வாங்கினார்கள். ஒரு வாரத்திலேயே ஷீஜாவுக்கு ஒன்று புரிந்துபோனது. கொம்பும் வாலும்தான் மிருகத்துடையவை, கதை அவரவர் வீட்டுடையது.

"காக்கா எதுக்கு தலையச் சாய்ச்சுப் பாக்குது?" என்று கேட்டாள் ஒருநாள்.

"கள்ளுக்கடையில இருக்கும்பம் காக்காச்சி வாறாளான்னு பாக்கதாக்கும்" என்றான் ஜிஜோ.

மறுநாள் காலையில் ஜிஜோவின் அப்பா, ஆட்டோ ஓட்டும் கிரகோரி, வாசலில் வந்து நின்றார்.

"டீச்சரே, எனக்க வீட்டு விசயம் எதுக்கு இங்க?"

"அவன் காக்கா கதையில்லியா சொன்னான்?"

கிரகோரி அசடு வழிய நின்றுவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். ஷீஜா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே அவளுடைய மகள் ஆதிராவும் இருந்தாள்.

ஷீஜா கணவனை விட்டு வெள்ளறடையிலிருந்து வந்து ஆறு மாதமாகிறது. அண்ணன் அரவிந்தின் வீட்டில்தான் இருப்பு. இனி திரும்பிப் போவதாக இல்லை. பிள்ளையிடம் மட்டும், "நம்ம வீட்டுல ஓடு மாத்துகாவ மக்கா, முடிஞ்ச உடனே போலாம்" என்று சொல்லி வைத்திருந்தாள். அண்ணி கெட்டவள் இல்லை. எப்போதாவது, "பிறவு என்ன தீருமானம்?" என்று கேட்பாள், அவ்வளவுதான். நாலு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் எட்டாது என்று ஷீஜா நம்பினாள். ஆதிராவோ இதுவரை ஒரு கதையும் சொன்னதில்லை. அவள் என்ன சொல்வாள்? கேட்கவும் பயமாக இருந்தது, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

அன்று மழை விட்டதும் வயலில் ஒரு கொக்கு வந்து நின்றது. ஷீஜா வாய் திறக்கும் முன்பே ஜிஜோ கத்தினான்.

"எலே, கொக்குக்க ஒரு கால காணல்ல!"

"அது தூக்கி வச்சிருக்கு" என்றாள் ஆதிரா. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "அது அதுக்க வயலு இல்ல. ரெண்டு காலையும் ஊணி நின்னா எப்பம் போவன்னு கேப்பாவ. ஒரு கால தூக்கியே வச்சிருந்தா, கேட்ட உடனே போலாம்லா."

"அதுக்கு சொந்த வயலு இல்லியா?" என்று கேட்டாள் பக்கத்திலிருந்த ரினி.

"உண்டு. அத நேராக்கிட்டு இருக்காவன்னு அம்மக்கொக்கு சொல்லும். சும்மா சொல்லுகதாக்கும்."

"அம்மக்கொக்கு கள்ளம் பறயுமா?"

"குஞ்சு கரஞ்சு அழாம இருக்கதுக்கு. குஞ்சுக்குத் தெரியும். தெரியும்னு சொன்னா அம்மக்கொக்கு கரையும், அதுனால சொல்லாது."

பிள்ளைகளுக்குக் கதை பிடித்துவிட்டது. ஜிஜோ ஒற்றைக்காலில் நின்று காட்டினான், மற்றவர்களும் நின்று ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். ஷீஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆறு மாதமாக யார் யாரை ஏமாற்றிக்கொண்டிருந்தது என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் அங்கன்வாடியைப் பூட்டிவிட்டு, அண்ணன் வீட்டுப் பக்கம் திரும்பாமல், ஆதிராவின் கையைப் பிடித்துக்கொண்டு பாறசாலை பஸ்ஸில் ஏறினாள்.

"எங்க போறோம்மா?"

"வாடகைக்கு வீடு பாக்க."

"கிடைக்குமா?"

கிடைக்கும் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"தெரியல்ல மக்கா" என்றாள்.

ஆதிரா சீட்டில் நன்றாகப் பின்னால் நகர்ந்து, அம்மாவின் மேல் சாய்ந்து உட்கார்ந்தாள்.