பவளத்தின் புல்கட்டு

என் வீட்டுக்காரர் மாரிசாமி எங்கள் ஆட்டிடம் கொஞ்சிப் பேசுவதில் பாதிகூட என்னிடம் பேசியதில்லை. "சாப்பிட்டியாம்மா?" என்று குரல் கேட்கும். ஆசையாகத் திரும்பினால், பவளத்தின் தாடையைத் தடவிக்கொண்டிருப்பார்.

அந்தப் பவளம் மெலிந்துகொண்டே போனாள். போட்ட புல்லையெல்லாம் தின்றாள், உடம்பில் ஒட்டவில்லை. நான்தான் பட்டினி போடுகிறேன் என்று தோட்டத்து லயத்து வீடுகளில் பேசினார்கள். பேசினவர்கள் வாயில் கொள்ளிக்கட்டையை வைக்கலாம் போல் இருந்தது எனக்கு. இவருக்கோ சோறே இறங்கவில்லை.

"செத்துருவாளோ, ரெங்கம்மா?"

குடல்பூச்சி மருந்து கொடுத்தும் தேறாததால் ஹாலிஎலயிலிருந்து மிருக வைத்தியர் றிகாஸை வரவழைத்தேன். அவர் கண்ணையும் பல்லையும் பார்த்தார்.

"நோய் ஒண்டும் தெரியல்ல. என்ன தின்னக் குடுக்கிறீங்க?"

"இவரு வெட்டிக்கிட்டு வர்ற புல்லுதாங்க. தேயிலைக்குள்ள புல்லு சாக மருந்தடிக்கிறது இவரு வேலை. ஆனா பவளத்துக்கு மட்டும் மருந்தே படாத ஆத்தோரமா போயி வெட்டுவாரு." பெருமையாகத்தான் சொன்னேன்.

அந்நேரம் இவரே தலையில் புல்கட்டோடு வந்து நின்றார். வைத்தியர் புல்லைப் பார்க்கவில்லை. அதைச் சுற்றியிருந்த படங்குத் துணியை முகர்ந்து பார்த்தார்.

"இது எங்கால வந்தது?"

"என் படங்குதாங்க. மருந்து மேல தெறிக்காம இடுப்புல கட்டிக்கிறது..." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று புல்கட்டை இறக்கி, பவளத்துக்கு எட்டாமல் தள்ளி வைத்தார்.

"இதில ஊறின மருந்து ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போயிருக்கும். அதுதானா எண்டு சோதிச்சாத்தான் தெரியும். முதல்ல இந்தப் படங்குல புல்லு கட்டுறத விடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

இவர் ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். "என் கையாலயே ஒனக்கு ஊட்டிட்டேனே!" பார்க்கப் பாவமாக இருந்தது. எழுப்பி, பீலித் தண்ணீருக்குக் கூட்டிப் போய்க் குளிக்க வைத்தேன்.

முதுகுக்குச் சவுக்காரம் போடும்போது என் கை நின்றுவிட்டது. சதையே இல்லை. எலும்பு எலும்பாகக் கையில் தட்டியது. ஆடு தின்றது அந்தப் படங்கு பட்ட புல்லைத்தான். இவரோ அதைப் பொழுதுக்கும் உடம்பிலேயே கட்டியிருந்தார். ஆட்டையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேனே!

"நாளைக்கு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றேன்.

"அங்க ஆடெல்லாம் பாக்க மாட்டாங்க, புள்ள."

"ஒங்களத்தாங்க" என்றேன். அதட்டத்தான் நினைத்தேன். அழுகைதான் வந்தது.