நீள லைன், குட்டை லைன்

"சரி, தொலையட்டும். உங்க இஷ்டப்படியே மாட்டுங்க."

காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, டீ டம்ளரை டூல் பெட்டியின் மேல் வைத்தாள். கால்கள் பதில் சொல்லவில்லை. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. காருக்கு அடியில் போனால் அவள் புருஷன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் வேலை பார்ப்பான். வாய் அடைபட்ட மனுஷனோடு பேசிப் பேசி அவளுக்கும் பழகிவிட்டது. சொல்லப்போனால் சமாதானம் பேச அதுதான் தோதான நேரம். குறுக்கே பேச ஆளில்லை.

"நானும் யோசிச்சுப் பார்த்தேன். உங்க ஆயிலையே ஊத்துங்க. அந்தப் பெரிய கூலரையே முன்னாடி வைங்க. நீள லைனையே இழுங்க. நான் இனிமே வாயே திறக்கல, போதுமா?"

வாயே திறக்காமல் அவள் இன்னும் கொஞ்ச நேரம் பேசினாள்.

கால் மைல் தூரத்தை, பத்து எண்ணி முடிப்பதற்குள், நேர்கோடாகக் கடக்கிற கார் பந்தயம் அவர்களுடையது. ஓட்டுவது அவள், வண்டியைக் கட்டுவது அவன். சண்டை கியர்பாக்ஸ் ஆயிலில் ஆரம்பித்தது. பந்தயத்துக்கென்றே வருகிற ஆயில்தான் வேண்டும் என்றாள் அவள். அதை ஊற்றினால் கியர் முதுகில் உதைத்த மாதிரி விழும். உள்ளே வழுக்காது, அதனால் சூடும் குறைவு. கியர்பாக்ஸ் பக்கத்திலேயே ஆயிலை ஆற்றச் சின்னக் கூலர் ஒன்றை வைத்து, ஆயில் போய் வர முழ நீளத்தில் இரண்டு குட்டை லைன் போட்டால் வேலை முடிந்தது. அவனுக்குச் சாதா ஆயில்தான். கியர் மெத்தென்று மாறும், ஷாஃப்ட் உடையாது. ஆனால் அது வழுக்கி வழுக்கிச் சூடாகிவிடும். அதை ஆற்றப் பெரிய கூலரை முன்னால் காற்றுபடும் இடத்தில் வைத்து, அங்கே வரை நீள லைன் இழுக்க வேண்டும். ஸ்டீல் வலை போர்த்திய ஹோஸில் அதையும் அவனே அளந்து வெட்டிச் சுவரில் தொங்கவிட்டிருந்தான்.

"உடைஞ்சா அடியில படுக்கப்போறது நீயா, நானா?" என்றான் அவன்.

"ஜெயிக்கப்போறது நானா, உங்க கியர்பாக்ஸா?" என்றாள் அவள்.

அப்புறம் வார்த்தை தடித்தது. "உனக்கு ஓட்டத்தான் தெரியும்" என்று அவன் சொல்லிவிட்டான். அதோடு பேச்சு நின்றுபோனது. அவள் தட்டை நங்கென்று மேஜையில் வைப்பதும், அவன் தலை நிமிராமல் தின்றுவிட்டுப் போவதுமாக வீடு ஊமைப்படம் போல ஓடியது. நாளைக்குப் பந்தயம். இன்று அடுப்பில் டீ பொங்கி வரும்போது அவளுக்குத் திடீரென்று எல்லாம் அலுத்துவிட்டது. போயும் போயும் ஒரு ஆயிலுக்காகவா இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது?

"டீ ஆறுது," என்றாள். "சமாதானத்துக்கு வந்திருக்கேன், கொஞ்சம் மதிக்கக் கூடாதா?"

அப்போதுதான் கார் கதவுக்குக் கீழே சிவப்பாக ஆயில் பரவி வருவதைப் பார்த்தாள். "ஐயையோ, ஒழுகுது பாருங்க!" என்று ஓடிப்போய் ஆயில் பிடிக்கிற தட்டை எடுத்து வந்து கீழே தள்ளினாள். முதலில் அதைத்தான் செய்தாள். ஆயில் வீணாகிறதே என்றுதான் தோன்றியது. குனிந்தபோது டார்ச் கண்ணில் பட்டது. அது அவன் வாயில் இல்லை. தரையில் கிடந்து யாருக்கோ எரிந்துகொண்டிருந்தது.

கணுக்காலைப் பிடித்து இழுத்தாள். அவன் படுத்திருந்த சக்கரப் பலகை எப்போதும் போல வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. ஸ்பேனரை விடாமல் பிடித்திருந்தான். கன்னத்தில் சூடுகூட இருந்தது.

"விளையாடாதீங்க," என்றாள். பிறகு கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"ஹார்ட் நின்னுபோச்சும்மா. இங்க கொண்டு வரும்போதே உயிர் இல்ல."

"எப்ப போச்சு?"

"அது கரெக்டா சொல்ல முடியாதும்மா. கொஞ்ச நேரம் முன்னாடிதான்."

"நான் பேசினப்போ இருந்தாரா?"

"என்னம்மா?"

"நான் பேசினேன் சார். அவர் காதுல விழுந்திருக்குமா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க முன்னாடியே பார்த்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. மனச உழப்பிக்காதீங்க."

அவள் கேட்டது அதுவல்ல. வீட்டுக் கூடத்தில் அவனைக் கிடத்திய பிறகும் ஒருத்தருக்கும் அது புரியவில்லை. நாத்தனார் கட்டிப் பிடித்துக்கொண்டு, "உன் மேல தப்பே இல்லடி, அழுதுடு, உள்ளயே வச்சுக்காதே" என்றாள். தப்பை யார் கேட்டார்கள்? அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த மனுஷன் அவள் 'சரி' என்றதைக் கேட்டுவிட்டுப் போனானா, இல்லை தட்டை நங்கென்று வைத்த பெண்டாட்டியோடேயே போய்விட்டானா? இரண்டும் ஒன்றா?

அழுகை வரவில்லை. காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்ட மாதிரி எல்லாக் குரலும் தள்ளிக் கேட்டது. அவள் திரும்பத் திரும்ப மனசுக்குள் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளரை வைத்தபோது இடது கட்டைவிரல் அசைந்ததே? அசைந்தது. 'வாயே திறக்கல' என்றபோது பாதம் லேசாகத் திரும்பியதே? திரும்பியது மாதிரிதான் இருந்தது. சிரித்திருப்பான். டார்ச்சைக் கடித்துக்கொண்டு சிரித்தால் அவனுக்கு எச்சில் வழியும்.

ஷெட்டைப் பூட்டப் போன கொழுந்தன் திரும்பி வந்து அவள் பக்கத்தில் குந்தினான். அண்ணனோடு சேர்ந்து ஸ்பேனர் பிடித்தவன். கையெல்லாம் ஆயில்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"தரையைத் துடைச்சுட்டு அடியில பார்த்தேன். அண்ணன் குட்டை லைன்தான் மாட்டியிருக்கான். சின்னக் கூலர். டின்னையும் பார்த்தேன், நீங்க கேட்ட ஆயில்தான். எல்லாம் முடிஞ்சு, ஒரே ஒரு நட்டுதான் இறுக்க பாக்கி. அது வழியாத்தான் ஒழுகியிருக்கு."

"நீள லைன்?"

"சுவத்துலயே தொங்குது. உங்க ஆசைப்படியே செஞ்சுட்டுத்தான் போயிருக்கான் அண்ணி."

குரல் உடைந்துவிட்டது அவனுக்கு. அவளுக்கும் ஒரு கணம் நெஞ்சு நிறைந்தது. கள்ளன், சொல்லாமலேயே விட்டுக்கொடுத்திருக்கிறான். அவளைப் போலவே அவனுக்கும் அலுத்திருக்கிறது.

அடுத்த கணம் அவளுக்கு விளங்கிவிட்டது.

காலையிலிருந்து முதுகு நோகப் படுத்து, குட்டை லைனை மாட்டி முடித்தவன் காதில், 'நீள லைனையே இழுங்க' என்பது விழுந்திருந்தால்? டார்ச்சைத் துப்பிவிட்டு, பலகையோடு உருண்டு வெளியே வந்து, "அடிப்பாவி! எல்லாத்தையும் மாட்டினப்புறம் வந்து சொல்றியே!" என்று தெருவே கேட்கக் கத்தியிருப்பான். பாதி உயிர் இருந்திருந்தாலும் ஒரு உதை உதைத்திருப்பான். சும்மா கிடக்கிற ஆளா அவன்? கட்டைவிரல் அசையவில்லை. பாதம் திரும்பவில்லை. அவ்வளவு நேரமும் அவள் யாரிடமும் பேசிக்கொண்டிருக்கவில்லை.

"அண்ணி..." கொழுந்தன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "டாக்டர்கிட்ட கேட்டீங்களாமே, நீங்க பேசினது அவனுக்குக் கேட்டிருக்குமான்னு. கண்டிப்பா கேட்டிருக்கும். சந்தோஷமாத்தான் போயிருப்பான். இல்லையா அண்ணி?"

அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமாப்பா," என்றாள். "கேட்டிருக்கும்."

அவன் முழங்காலில் தலையைக் கவிழ்த்துக் குலுங்கினான். அவன் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு எழுந்து, புருஷன் தலைமாட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியிலேயே முகத்தைத் துடைத்துத் தலைவாரி அனுப்பியிருந்தார்கள். காதை யாரும் கவனிக்கவில்லை. குழியில் சிவப்பாகக் கொஞ்சம் ஆயில் தேங்கி நின்றது.

துண்டின் நுனியைத் திரித்து உள்ளே விட்டு, வலிக்காமல் சுற்றி எடுத்தாள். சிவப்பாக வந்தது. காய்ந்த முனையாகப் பார்த்து இன்னொரு தரம் திரித்தாள்.