காலிக் கட்டிலுக்கும் பதினெட்டு

"நாம தூங்கும்போது மூச்சு விடச் சொல்லி யாரும்மா ஞாபகப்படுத்துவாங்க?" என்று செவிலியின் மகள் ஆறு வயதில் ஒருநாள் கேட்டாள்.

"சாமி."

"சாமி மறந்துட்டா?"

"அதைப் பார்த்துக்கத்தானே அம்மா வேலைக்குப் போறேன்" என்று சொல்லி, மகளின் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டாள் அம்மா. மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அந்தப் பதிலில் செவிலிக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமைக்கு ஒரு காலை ஏழரை மணிக்குச் சரியான அடி விழுந்தது.

டூட்டி மாறும் நேரம். இரவு வார்டைப் பார்த்த செவிலியை எல்லோரும் ராக்கெட் என்பார்கள். இருபத்தாறு கட்டிலையும் பத்தே நிமிடத்தில் சுற்றி வந்துவிடுவாள். வயதிலும் அனுபவத்திலும் பகல் டூட்டிக்கு வந்த செவிலிக்கு அவள் சமம். ஒரே ஆண்டு வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

ராக்கெட் நீட்டிய தாளில் காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் மெஷின் காட்டியபடி ஆளுக்கொரு எண்ணாக இருந்தன. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எழுதும் கட்டத்தில் மட்டும் மேலிருந்து கீழ்வரை பதினெட்டு. ஒன்பதாம் கட்டில்காரர் முந்தின நாள் மாலையே வீட்டுக்குப் போய்விட்டார். அவர் வரிசையில் மற்றதெல்லாம் காலி. மூச்சு மட்டும் பதினெட்டு.

"ஒன்பதுல யாருடி படுத்திருக்கா?"

"யாரும் இல்லையே."

"அப்ப மூச்சு விட்டது யாரு, தலையணையா?"

ராக்கெட் சிரித்தாள். "கைப்பழக்கத்துல விழுந்திருக்கும், விடு. பதினெட்டு நார்மல், அதைப் போட்டா ஒரு டாக்டரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

செவிலிக்குச் சிரிப்பு வரவில்லை. மற்றதை அளக்க மெஷின் இருக்கிறது. இந்த வார்டில் மூச்சுக்கு மட்டும் இல்லை. அதற்கு ஒரு மனுஷி கட்டில் பக்கத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தைத்தான் வார்டு முழுக்கத் திருடியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது காதுமடல் சுட்டது.

தாளோடு, வார்டிலேயே பெரிய ஆபரேஷன் ஆனவர் படுத்திருந்த பதினாலாம் கட்டிலுக்கு நேராகப் போனாள். அங்கே ஒரு தையல்காரர். குடலில் ஆபரேஷன் முடிந்து நாலாம் நாள். மூச்சை எண்ணுகிறோம் என்று சொன்னால் யாருக்கும் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அவர் நெஞ்சைப் பார்த்தபடி நின்றாள். முழு நிமிடம். முப்பத்துநாலு. நம்பாமல் இன்னொரு முறை எண்ணினாள். முப்பத்தைந்து.

"வலி எப்படி இருக்குங்க?"

"நேத்தைக்கு... இன்னைக்கு... பரவால்ல..." சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கியது. கை சில்லென்றிருந்தது. வயிற்றைத் தொட்டால் பலகைபோல இறுகிக் கிடந்தது. கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பையில் இரண்டு விரல் அளவுதான், அதுவும் கறுத்து.

"விடியறதுக்கு முன்னாலேர்ந்தே இப்படித்தான் இரைக்குது சிஸ்டர்" என்றாள் அவர் மனைவி. "கூட்டித் துடைக்கிற அக்கா நாலு மணிக்கே போய்ச் சொன்னாங்க. வலியில அப்படித்தான் இருக்கும்னு அனுப்பிட்டாங்களாம்."

முந்தின நாள் மாலை, இரவு வேலைக்கு வந்த கையோடு அதே துப்புரவு அக்கா செவிலியிடமும் வந்திருந்தாள். "பதினாலாம் கட்டில் அண்ணன் முகம் சரியில்ல சிஸ்டர்" என்றாள். வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், "நீங்க எப்பக்கா டாக்டருக்குப் படிச்சீங்க?" என்று கேட்டிருந்தாள் இவள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கோபம் தலைக்கேறியது. அதில் பாதி தன்மேல்தான் என்று தெரிந்ததால் இன்னும் ஏறியது. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, ஆக்சிஜன் முகமூடியைப் போட்டு, வாய்வழி எதுவும் கொடுக்கக்கூடாது என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, மெஷினையும் ஒரு முறை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் டாக்டருக்குப் போன் போட்டாள்.

"பிரஷர் எவ்ளோ?"

"நூறுக்கு அறுபது, சார்."

"அது போதுமே. ரவுண்ட்ஸ்ல பார்க்கறேன்."

"குடல் ஆபரேஷன் ஆகி நாலாம் நாள் சார். மூச்சு முப்பத்துநாலு, நாடி நூத்தியிருபத்தெட்டு. வயிறு பலகையா இருக்கு, கை சில்லுன்னு இருக்கு. நீங்க இப்பவே வரணும்."

"ஆறு மணிக்குப் பதினெட்டுன்னாங்களே?"

"காலிக் கட்டிலுக்கும் பதினெட்டுதான் போட்டிருக்கு சார். நீங்களே வந்து எண்ணுங்க. இல்லேன்னா அடுத்த போன் பெரிய டாக்டருக்கு."

ஐந்தாவது நிமிடம் டாக்டர் வந்து நின்றார். எண்ணினார். வயிற்றைத் தொட்டார். பிறகு ஒரு வார்த்தை வீண் பேச்சில்லை; அரைமணியில் தையல்காரரை ஆபரேஷன் அறைக்கு அனுப்பினார்கள். தள்ளுவண்டியைத் தள்ளியது துப்புரவு அக்காதான். அவளுக்கு மாற்றாக வர வேண்டிய ஆள் அன்று வரவில்லை. இரவு முழுக்க நின்றவள் பகலுக்கும் நின்றுகொண்டிருந்தாள்.

செவிலி மேசையில் உட்கார்ந்து கேஸ் ஷீட்டில் எழுதத் தொடங்கினாள். கைப்பையை மாட்டிக்கொண்டு நின்ற ராக்கெட் எட்டிப் பார்த்தாள்.

"என்ன, ராமாயணம் எழுதற?"

"நாலு மணிக்குத் துப்புரவுப் பணியாளர் சொன்னார், யாரும் பார்க்கலைன்னு எழுதறேன்."

ராக்கெட்டின் முகம் செத்துப்போனது. "என் பேரைப் போட்டு என் வயித்துல அடிக்கப் போறியா? இருபத்தாறு பேருக்கு நான் ஒருத்தி. ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் நின்னு எண்ணச் சொல்றியே, அந்த நேரத்தை யாரு தருவா, உன் மாமியாரா?"

"இருபத்தாறு பேருக்கு ஒருத்தின்னும் எழுதறேன். அது நியாயம். எண்ண முடியலைன்னா கட்டத்தைக் காலியா விட்டிருக்கலாம். காலியா இருந்தா டாக்டர் ஆறு மணிக்கே வந்திருப்பாரு. நீ போட்ட எண்ணு அவர் கண்ணைக் கட்டிடுச்சு; ஒன்பதாம் கட்டில் இல்லேன்னா என் கண்ணையும் கட்டியிருக்கும். அந்த ஆளு செத்திருந்தா பதினெட்டோட செத்திருப்பாரு."

"உத்தமி நீ. உன் டூட்டியில எல்லாம் ஒழுங்கா?"

செவிலி தாளைத் திருப்பிக் காட்டினாள். முதல் வரியில் நேற்றைய தேதியும் மாலை நேரமும் இருந்தன. துப்புரவுப் பணியாளர் தெரிவித்தும் நான் எண்ணிப் பார்க்கவில்லை என்று எழுதி, கீழே இன்றைய நேரம் போட்டுக் கையெழுத்திட்டிருந்தாள்.

ராக்கெட் இரண்டு முறை படித்தாள். வேகமாகப் போகிறவள் அன்று மெதுவாகத்தான் படியிறங்கினாள்.

மதியம் பெரிய டாக்டர் ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே வந்தார். உள்ளே தைத்த இடம் கசிந்திருந்ததாம். "இன்னும் ரெண்டு மணி நேரம் போயிருந்தா நம்ம கையில இல்ல. இனி பிழைச்சுப்பாரு" என்றார். தையல்காரரின் மனைவி பெஞ்சிலேயே சரிந்து அழுதாள். துப்புரவு அக்கா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

கதவருகே நின்று அதைப் பார்த்த செவிலிக்கு அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வாய்வரை வந்தது. இப்போது கேட்டால் அழுகிற அந்த மனைவியை விட்டுவிட்டு அக்கா இவளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். அவளுக்கு இன்னொரு வேலை வைப்பானேன்? திரும்பி நடந்தாள்.

சாப்பாட்டு நேரம் அரைமணி இருந்தது. வார்டின் கடைசியில் கழுவும் அறை. காலையிலிருந்து கழுவ ஆள் இல்லாமல், நோயாளிகள் படுக்கையிலேயே பயன்படுத்திய பதினோரு பெட்பேன்கள் தொட்டியில் குவிந்து நாறிக் கிடந்தன. செவிலி கதவைச் சாத்தினாள். கையுறை போட்டு, ஒவ்வொன்றாகக் கொட்டி, மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து, விளிம்புக்கடியில் விரல்விட்டுத் தேய்த்தாள். முதல் நாலைந்து வரை கோபத்தில் தேய்த்தாள். அதற்குப் பிறகு, தெரிந்த பிரார்த்தனை ஒன்றை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே தேய்த்தாள்.

பதினொன்றையும் கம்பியில் கவிழ்த்தாள். தரையில் சிந்திய தண்ணீரைத் துடைத்தாள். வெளியே அக்காவின் வண்டிச் சக்கரம் உருளும் சத்தம் கேட்டதும், மறுபக்கக் கதவு வழியாக வார்டுக்குள் போய்விட்டாள்.