நாலாவது அடிக்குப் பிறகு

கல்லுடைப்போரின் பாட்டுக்குப் புத்துயிர் கொடுப்பதென்று இசையமைப்பாளர் முடிவெடுத்தபோது, அது அப்படியொன்றும் செத்துப்போயிருக்கவில்லை. சுத்தியல்காரரும் அவருடைய மச்சானும் முந்தின வாரம்கூட அதைப் பாடித்தான் பாறை பிளந்தார்கள். மச்சான் உளி பிடிப்பார், இவர் அடிப்பார். நாலு அடி, பிறகு ஒரு மூச்சு மௌனம். அந்த மௌனத்தில் மச்சான் உளியின் தலையைப் பிடித்துத் திருகுவார். மறுபடி நாலு அடி. இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கையில் ஒரு கீறல் விழுந்ததில்லை. "என் தம்பி கைக்கு நீதான் பொறுப்பு" என்று சொல்லித்தான் மனைவி கழுத்தையே நீட்டியிருந்தாள்.

ஒத்திகை அறையில் கிடாருக்கும் கீபோர்டுக்கும் நடுவே ஒரு பாறாங்கல்லை இறக்கியிருந்தார்கள். எல்லார் காதிலும் ஹெட்போன், அதில் டிக் டிக்கென்று தாளக்கணக்கு.

"அந்த கேப் வேணாம்ணே, தொய்வா இருக்கு. வெட்டிட்டேன். டிக்குக்கு ஒரு அடி, நிக்கவே கூடாது" என்றார் இசையமைப்பாளர்.

"அதுலதான் சார் மச்சான் உளியைத் திருப்புவான்."

"இங்க என்ன அணையா கட்டப்போறோம்? சும்மா பிடிக்கச் சொல்லுங்க. மரபோட ஆன்மாதான் முக்கியம்."

"ஆன்மாவைப் பிடிக்க விரலே வேணாம், விடுங்க மாமா" என்று மச்சான் சிரித்தார்.

இரண்டு தடவை ஒழுங்காகப் போயிற்று. மூன்றாவதில் மச்சான் தன்னை மறந்து பாடினார். நாலாவது அடி விழுந்ததும் அவருடைய பழகிய கை உளியைத் திருகத் தானாக மேலே போனது. டிக்.

இரண்டு விரல்கள் உளித்தலையில் கூழாயின. எலும்பு வெளியே துருத்தியது. மச்சானின் அலறல் ஹெட்போன்காரர்கள் யாருக்கும் கேட்கவில்லை. கிடார்காரர் கண்மூடி ஆன்மாவைத் தேடிக்கொண்டிருந்தார். கீபோர்டில் ரத்தம் தெறித்த பிறகே இசை நின்றது.

"ரெக்கார்டிங்கை அழிச்சிடாதீங்கப்பா!" என்று ஓடிவந்தார் இசையமைப்பாளர். "கத்துனது கரெக்டா டிக்குல விழுந்திருக்கு. ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க, ஆனா இதை வச்சுக்கலாம்."

சுத்தியல்காரர் தன் துண்டால் மச்சானின் கையைச் சுற்றி, கிடார்காரரோடு அனுப்பிவைத்தார். பிறகு இசையமைப்பாளரின் பிடரியைப் பிடித்து இழுத்துவந்து முழங்காலால் கல்லோடு அழுத்தினார். மூக்கு உடைந்து கல் சிவந்தது.

"உளியைப் பிடி."

"அண்ணே, விளையாடாதீங்க..."

"டிக் நான் போடுறேன். நிக்கவே மாட்டேன்."

பாடினார். ஒன்று. பொறி பறந்தது. இரண்டு. மூன்று. நாலு. சுத்தியல் மறுபடி உயர்ந்தது.

"கேப்! கேப் விடுங்கண்ணே!"

சுத்தியல் அந்தரத்தில் நின்றது. சுத்தியல்காரர் நிதானமாக ஒரு மூச்சு விட்டார்.

"திருப்பு."

இசையமைப்பாளர் அழுதுகொண்டே திருப்பிவிட்டுக் கையைக் கீழே இறக்கினார். அன்றைக்கு முதல் தடவையாக அவருக்குத் தாளம் தப்பவில்லை.

ஐந்தாவது அடி வெறும் உளித்தலையில் விழுந்தது.