ஒரு மடிப்பு வலை

பொழுது சாய்ந்து கொசு இறங்கும் நேரம். புவனகிரிக்கு அந்தப் பக்கம் சடையப்பனின் மாட்டுக்கொட்டகை வாசலில், வினோதினி கையில் புத்தம்புதுக் கருவி ஒன்றைத் திணித்தார் ஜெயப்பிரகாஷ். பேட்டரியில் ஓடி, கொசுவை உறிஞ்சிப் பிடிக்கிற கருவி. சிதம்பரம் கொசு ஆராய்ச்சித் திட்டத்துக்கு அவர்தான் அதிகாரி. அவள் எட்டு வருஷமாக அங்கே ஒப்பந்தத்தில் கொசு பிடிக்கிறவள். மூளைக்காய்ச்சல் கிருமி எந்தக் கொசுவில் இருக்கிறது என்று பெரியவர்கள் கண்டுபிடிக்க, முதலில் யாராவது கொசுவைப் பிடித்துத் தர வேண்டுமே.

"கடலூர்லேர்ந்து பாதுகாப்புக் கமிட்டி மேடம் வந்துட்டாங்க. இதுலதான் புடிக்கிறோம்னு காட்டு. அப்பறம் இந்தப் பேப்பர்ல சாட்சிக் கையெழுத்துப் போட்டுடு."

படித்தாள். 'ஊழியர் நஜியா விதியை மீறித் தன்னிச்சையாக வலைத்துணியை அகற்றியதே அவரது நோய்க்குக் காரணம்.'

நஜியா அவளோடு கூடவே கொசு பிடித்தவள். மூன்று வாரமாக மூச்சிழுப்போடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். தப்பு அவளுடையதுதான் என்று ஆகிவிட்டால் வைத்தியத்தை ஆபீஸ் கை கழுவிவிடும், வேலையும் போய்விடும். கொசுவை இழுத்த வாயும் தூசி அடைத்த நெஞ்சும் நஜியாவுடையவை, பழியும் அவளுக்கே. என்ன நியாயமோ!

கடலூர் மேடம் ஸ்ரீமதி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாணியைத் தாண்டி வந்தார். "இந்த மிஷினை எவ்ளோ நாளா யூஸ் பண்றீங்க?"

ஜெயப்பிரகாஷ் முந்திக்கொண்டார். "ஜூன்லேர்ந்து மேடம்."

வினோதினி கருவியைத் திருப்பிக் காட்டினாள். சுவிட்சின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூட உரிக்காமல் இருந்தது.

"இப்பதான் மேடம் கையில வாங்குனேன். நாங்க புடிக்கிறது இதுல."

பையிலிருந்து தன் குழாயை எடுத்தாள். கண்ணாடிக் குழாயின் பின்னால் ஒரு ரப்பர் குழாய். அதை வாயில் வைத்து இழுத்தால் கொசு கண்ணாடிக்குள் வரும். தூசி வாய்க்குப் போகாமலிருக்க இரண்டுக்கும் நடுவே இரண்டு மடிப்பு வலைத்துணி இருக்க வேண்டும். ரப்பரைப் பிடுங்கிக் காட்டினாள். ஒரு மடிப்புதான் இருந்தது.

"நஜியா மட்டும் எடுக்கல மேடம். நானும் எடுத்தேன். ஆறு பேருமே எடுத்தோம்."

"தப்புன்னு தெரியாதா?"

"நல்லாத் தெரியும். ரெண்டு மடிப்பு இருந்தா கொட்டாய்த் தூசி பத்து நிமிஷத்துல அடைச்சிக்கும். என்னதான் இழுத்தாலும் கொசு வராது. மணிக்கு நூறு கொசுவுக்குக் கொறஞ்சா அன்னிக்கி ஆப்சென்ட். ஒரு மடிப்ப எடுத்துட்டா நூறு வந்துடும். கூடவே மாட்டு மயிரும் தூசியும் நெஞ்சுக்குள்ள வரும்."

"மிஷின் வாங்கி வச்சிருக்கேனே மேடம்" என்றார் ஜெயப்பிரகாஷ்.

"வாங்குனீங்க சார். பீரோவுல வச்சுப் பூட்டுனீங்க. நாங்க கேட்டதுக்கு, மாட்டுக்கொட்டாயில கெட்டுப்போயிடும்னீங்க. மிஷின் கெடக் கூடாது, எங்க நெஞ்சு கெட்டாப் பரவால்லியா?"

எட்டு வருஷத் தூசியையும் அந்த ஒரே நிமிஷத்தில் காறித் துப்பிவிடத் தோன்றியது அவளுக்கு.

ஸ்ரீமதி அவள் குழாயை வாங்கிப் பார்த்தார். ஒற்றை மடிப்பு கறுத்துப் போயிருந்தது. பேனாவை நீட்டினார்.

வினோதினி கருவியைத் மாட்டுத் தொட்டித் திண்டில் வைத்தாள். நஜியாவின் பெயர் இருந்த வரியை அழுத்தி அடித்தாள். அதன் கீழே எழுதினாள்: 'மணிக்கு நூறு கொசு வேண்டும் என்ற உத்தரவால் ஆறு பேரும் அகற்றினோம். கருவிகள் பீரோவில் பூட்டியிருந்தன.' கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டாள்.

மேடம் ஜீப்பை நோக்கி நடந்ததும் ஜெயப்பிரகாஷ் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்.

"இந்த மாசத்தோட உன் ஒப்பந்தம் முடியுது. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். அதான் இந்த மாசமே எழுதிட்டேன்."