படத்தின் பின்பக்கம்

“அம்மா வரைஞ்ச படத்தையெல்லாம் திருப்பிக் கொடுங்க சார்.”

கூடத்தில் கிடத்தியிருந்த அம்மாவின் காலடியில் மாலையை வைத்த பத்திரிகை ஆசிரியர் இன்னும் நிமிரக்கூட இல்லை. அப்பா மகளை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார்.

வாய்திறந்து கேட்கவே கூடாது என்று அவளுக்குச் சொல்லி வளர்த்த ஒரே விஷயம் இது. படத்தைத் திருப்பிக் கேட்கிற ஓவியருக்கு அடுத்த வாரம் படம் வரையக் கதை வராது.

இதைப் பேசுகிற நேரமா என்றார் ஆசிரியர். குரல் தழைந்தே இருந்தது.

“கேட்டா கதை வராதுன்னுதான் அம்மா கேக்கல. இனிமே எந்தக் கதை வரணும்?”

அத்தை அவள் முழங்கையைக் கிள்ளினாள். நாலு எழுத்துப் படித்த திமிர் என்று யாரோ முணுமுணுத்தார்கள். அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். திமிரும் அதோடு சேர்த்து வாங்கியதுதான்.

ஆசிரியர் பொறுமையாக விளக்கினார். வரைந்ததற்குச் சன்மானம் கொடுத்தாயிற்று. படங்கள் அலுவலகத்துடையவை. நல்லதையெல்லாம் கண்ணாடிச் சட்டம் போட்டு மாடிப்படி நெடுக மாட்டியிருக்கிறது. இதைவிட என்ன மரியாதை?

“படம் உங்களோடதாவே இருக்கட்டும். பின்பக்கம்?”

“பின்பக்கத்துல என்னம்மா இருக்கு?”

ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்த்திருந்தால்தானே தெரியும். அம்மா முன்பு தானே எழுதிய கதை ஒன்றை அவரிடம் கொண்டுபோயிருந்தாள். “உனக்குக் கை போதும்மா, எழுதறதுக்குப் படிச்சவங்க இருக்காங்க” என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து, மை காய்ந்ததும் அம்மா படத்தைக் கவிழ்த்துப் போட்டு, பென்சிலால் பொடி எழுத்தில் எழுத ஆரம்பித்தாள். முன்பக்கத்தில், எழுத்தாளர் சொன்னபடி, கதாநாயகி கிணற்றில் குதிப்பாள். பின்பக்கத்தில் அதே பெண் ஈரப் புடவையோடு ஏறிவந்து, குடும்பத்தை உட்காரவைத்துக் கேள்வி கேட்பாள். அதை அம்மா படித்துக்காட்டும்போது குக்கர் கத்துவதுகூடக் காதில் விழாது. மறுநாள் அந்தப் பெண் படத்தோடு பத்திரிகைக்குப் போகும் உறைக்குள் போய்விடுவாள். இவளுக்குப் படிப்பு ஏறியதே அந்தப் பொடி எழுத்தில்தான்.

இதையெல்லாம் சொன்னாள். ஆசிரியர் அதே சிரிப்பைச் சிரித்தார்.

“பென்சில் கிறுக்கல்தானே. எல்லாம் அட்டையில ஒட்டியாச்சு. பிரிச்சா படம் கிழிஞ்சிடும்.”

“கிழியாது. ஈரப் பஞ்சு வச்சு, பட்டைக் கத்திய மெதுவா உள்ள விடணும். அம்மா சொல்லிக் குடுத்திருக்காங்க.”

அப்பா அவளை அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார். செத்த வீட்டில் மானத்தை வாங்காதே, அவரிடம் இனி எதையும் கேட்கக்கூடாது என்றார்.

“இல்லப்பா. இனிமே கேக்க மாட்டேன்.”

அவர் நம்பிக்கொண்டு வெளியே போனார்.

அம்மாவின் மேஜையில் பிரஷ் ஊறிய தண்ணீர் நீலமாகத் தெளிந்திருந்தது. பட்டைக் கத்தியையும் பஞ்சையும் படம் கொண்டுபோகும் பெரிய பைக்குள் போட்டுக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே, வேனில் வந்த மொத்த அலுவலகமும் வாசலில் நின்றிருந்தது. அலுவலகத்தில் இப்போது காவலாளி மட்டும்தான். பாவாடை கட்டிய காலத்திலிருந்து படம் கொண்டுவருகிற பெண்ணை அவர் ஏனென்று கேட்கமாட்டார்.

கூடத்தில் ஆசிரியருக்கு யாரோ டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் சுண்டுவிரல் ஓரத்தில் பென்சில் கரி இன்னும் இருந்தது. எடுப்பதற்குள் வந்துவிடுவதாக அத்தையிடம் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.