பழைய பற்கள் கை நனைத்த விவரம்

வாயில் இருக்கிற பல் அத்தனையும் பிடுங்கி, தாடை எலும்பில் மேலே நாலு, கீழே நாலு என்று எட்டுத் திருகு இறக்கி, அதன்மேல் புது வரிசை பூட்டினால், பிடுங்கின பழைய பற்கள் மூன்று மாதம் நம் வீட்டில்தான் இருக்கும். திருகை எலும்பு பிடித்துக்கொள்ள அவ்வளவு நாள் ஆகும். அதுவரை கடித்துத் தின்கிற வேலை பழைய பற்களுடையது. நமக்குக் கரைத்ததும் குழைத்ததும்தான்.

எனக்குப் பத்தொன்பது பல் மிச்சம் இருந்தது. டாக்டரம்மா அவற்றைக் கழுவித் துடைத்து, ஒரு எவர்சில்வர் சம்படத்தில் போட்டு, மூடி என் கையில் கொடுத்தார்.

"அண்ணாச்சி, இதுகளுக்கு நேரா நேரத்துக்குச் சாப்பாடு வச்சிருங்க. புதுசும் பழசும் மட்டும் ஒரே பந்தியில உட்காரக் கூடாது. புதுசு ஏங்கிப்போச்சுன்னா எலும்பு பிடிக்காது."

தலையை ஆட்டினேன். வாய் மரத்துப்போய் உதடு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

நாலு நாள் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. ஐஸ் ஒத்தடம் கொடுத்தேன், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன், பத்தாம் நாள் தையலைப் பிரித்தார்கள். அதெல்லாம் ஒரு கஷ்டமே இல்லை. கஷ்டம் சம்படத்தில் இருந்தது.

பல்லுக்கு நாக்கு கிடையாது. கடகடவென்று தட்டும். என் வீட்டுக்காரி பேச்சிக்கு அது அப்படியே புரியும்.

"முறுக்கு நமுத்துப் போச்சாம்" என்பாள்.

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"அம்பது வருஷம் உங்க வாயில கெடந்து மாரடிச்சதுக. நல்ல முறுக்கா நாலு வாங்கியாந்தா என்ன, கையா தேஞ்சிரும்?"

நான் கடிக்க முடியாத முறுக்கை, நானே கடை கடையாகப் போய் ஒடித்துப் பார்த்து வாங்கிவருவேன். அவை தின்றால் எனக்கு வயிறு நிறையாது. நெஞ்செரிச்சல் மட்டும் வரும். ஞாயிற்றுக்கிழமை அவற்றுக்கு ஈரல் வறுவல், எனக்குக் கேழ்வரகுக் கஞ்சி. கஞ்சியைக் குடித்துவிட்டு ஆட்டு ஈரலுக்கு ஏப்பம் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இப்படி ஒன்றரை மாதம் ஓடினபோது என் மகள் செண்பகம் வாய் திறந்தாள். மூன்று வருஷமாக வந்த வரன் எல்லாவற்றையும் வேண்டாம் என்றவள், எட்டயபுரத்துத் தவசிமுத்து என்றால் சரி என்றாள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற பையன். அவளும் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பார்த்துப் பழகின இடம்தான். மறுநாளே பையனின் அப்பா அய்யாக்கண்ணு போன் போட்டார்.

"வர்ற வெள்ளிக்கிழமை வந்து கை நனைச்சிட்டுப் போயிருங்க. கிடா உரிக்கோம்."

எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவன் பையன் வீட்டில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அதுவரை அங்கே தண்ணீர்கூட யோசித்துத்தான் குடிக்க வேண்டும். அய்யாக்கண்ணு வீட்டில் இன்னும் ஒரு வழக்கம், எலும்பைக் கடித்து உடைத்தால்தான் கணக்கு. டாக்டரம்மாவிடம் ஒரே ஒரு எலும்பு என்று கேட்டுப் பார்த்தேன்.

"ஒரு கடிதான் அண்ணாச்சி. எட்டுத் திருகும் ஆடிப்போயிரும். பழைய பல்லை அனுப்புங்க. அதுக்குத்தான இருக்கு."

அய்யாக்கண்ணுவுக்கும் ஆட்சேபணை இல்லை. "கடிக்கிறது உங்க பல்லுதான? அப்ப நீங்க கடிச்ச மாதிரிதான்" என்றார். ஒரே பந்தி கூடாது என்பதால் நான் போக முடியாது. பேச்சி பட்டுச்சேலை கட்டி, சம்படத்துக்குத் திருநீறு இட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

எட்டயபுரம் பஸ் நிலையத்துக்கு எதிர்த்தாற்போல் என் அக்கா செல்லத்தாய் வீடு. அக்கா மகன் மாடக்கண்ணு செண்பகத்துக்கு முறைப்பையன். பஞ்சர் கடை வைத்திருக்கிறான். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாத பிள்ளை. செண்பகத்துக்கு அவனைப் பிடிக்கும், கட்டிக்கொள்ளத்தான் பிடிக்காது. எட்டு வருஷமாக அக்கா, "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போலே" என்று கூப்பிடுவாள். எட்டு வருஷமாக எனக்கு வயிற்றுவலி.

பேச்சி பஸ்ஸை விட்டு இறங்கினதும் அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெயில்ல நிக்காத பேச்சி. உள்ள வந்து விசிறிக்கடியில உக்காரு. உன்னைய ஒண்ணும் திங்கச் சொல்லல."

சொன்னபடி பேச்சிக்கு ஒன்றும் தரவில்லை. சம்படத்தை வாங்கி மேசைமேல் வைத்து, மூடியைத் திறந்து, பக்கத்தில் ஒரு தட்டுக் கடலைமிட்டாய் வைத்தாள். அவ்வளவுதான். பேச்சி முகம் கழுவித் திரும்புவதற்குள் ஒன்பது பல் தின்று முடித்து, பாகு ஒட்டிக் கிடந்தன.

அய்யாக்கண்ணு வீட்டில் அந்த ஒன்பதும் எழுந்திருக்கவில்லை. வேறு ஒன்பது பல் கிடாயெலும்பைப் பொடிப்பொடியாக உடைத்தன. பத்தொன்பதாவது பல் எந்த வீட்டிலும் எதையும் தொடவில்லை. அது கீழ்வரிசைக் கடைவாய்ப்பல்.

மறுநாள் காலையில் இரண்டு வீட்டாரும் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒம்பது பல்லு கை நனைச்சிருக்கு. இல்லைன்னு சொல்லுலே பெருமாளு" என்றாள் அக்கா.

"எங்க வீட்டுலயும் ஒம்பது நனைச்சிருக்கு அம்மா" என்றார் அய்யாக்கண்ணு. "பத்து எந்தப் பக்கமோ பொண்ணு அந்தப் பக்கம். அதுதான முறை?"

அதுதான் முறை. ஒருவரும் மறுக்கவில்லை. அக்கா மடியிலிருந்து ஒரு கடலைமிட்டாயும், அய்யாக்கண்ணு தூக்குச்சட்டியிலிருந்து ஒரு எலும்பும் எடுத்து, தட்டில் கிடந்த கடைவாய்ப்பல்லுக்கு இரண்டு பக்கமும் வைத்தார்கள். அது எந்தப் பக்கமும் நகரவில்லை. மெதுவாக ஏதோ தட்டியது.

"என்னவாம்?" என்றேன்.

பேச்சி என்னைப் பார்த்தாள். "பதினோரு வருஷம் வலியில துடிச்சேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாம கிராம்பையும் புகையிலையையும் வச்சு அமுக்குனாருன்னு சொல்லுது. அவரு மன்னிப்புக் கேட்டாத்தான் வாயத் திறப்பேங்குது."

"வலிச்சது எனக்கும்தான! ரெண்டு பேரும் சேர்ந்துதான அனுபவிச்சோம்?"

பல் மறுபடி தட்டியது.

"உங்களுக்கு மாத்திரை இருந்துச்சாம்."

தீப்பெட்டி ஆபீசில் முப்பது வருஷம் இருந்தவன் நான். மேனேஜரிடம்கூட மன்னிப்புக் கேட்டதில்லை. உள்ளங்கை அகலத் தட்டில் கிடக்கிற சொத்தைப் பல்லிடம், சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னால் கேட்பதா? எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போகக் கிளம்பினேன்.

செண்பகம் வாசலில் வந்து நின்றாள். ராத்திரி டூட்டி முடித்து வந்த சேலையை இன்னும் மாற்றவில்லை.

"அப்பா, உங்ககிட்ட இதுவரைக்கும் நான் எதுவும் கேட்டதில்ல."

கேட்டதில்லைதான். திரும்பி வந்து தட்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"மன்னிச்சிக்கப்பா" என்றேன்.

பல் தட்டியது. "சத்தம் பத்தலையாம்" என்றாள் பேச்சி.

மறுபடி சொன்னேன். புது வரிசைக்கு இன்னும் வார்த்தை படியவில்லை, காற்றாகப் போனது. மனசிலிருந்து வரவில்லை என்றது பல். மூன்றாவது தடவை அதைக் கையில் எடுத்தேன். ஓரத்தில் ஒரு பெரிய குழி. அவ்வளவு பெரிய குழி என்று நான் நினைத்ததே இல்லை. "தப்புதான். அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்றேன்.

கீழே வைத்தேன். அது எலும்பின் பக்கம் நகர்ந்து, ஒரே கடியில் உடைத்தது. செண்பகம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

அக்கா எழுந்து சேலையைச் சரிசெய்தாள்.

"சரி, பொண்ணு அந்தப் பக்கம். என் வீட்டுல கை நனைச்ச ஒம்பதுக்கும் நீ என்ன சொல்லுத? நனைச்சது நனைச்சதுதான?"

அதுவும் நியாயம். ஆவணியில் ஒரே பந்தலில் இரண்டு கல்யாணம் நடந்தது. செண்பகத்துக்குத் தவசிமுத்து தாலி கட்டினான். மாடக்கண்ணு ஒன்பது பல்லுக்கும் சேர்த்து ஒரே தாலியாகக் கட்டினான். அவனுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். "சத்தம் போட்டுப் பேசாதுக மாமா, எனக்கு அது போதும்" என்றான். நான் இரண்டு பந்தியிலும் உட்காராமல் சமையல்கட்டில் நின்று, வாழைப்பழத்தைக் கரண்டியால் மசித்துத் தின்றேன்.

எட்டாம் நாள் மறுவீட்டுக்கு மாடக்கண்ணு சம்படத்தோடு வந்தான். பேச்சி மூடியைத் திறந்து எண்ணிப் பார்த்தாள். ஒன்பதோடு, அரிசி மாதிரி வெள்ளையாக ஒரு பால்பல்லும் இருந்தது. அவள் என் கஞ்சியிலேயே இரண்டு கரண்டி எடுத்து, ஆற்றி, அதற்கு ஊற்றினாள்.